அறவாழி வருகிறவரை அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

ஒரு தெருமுனையில் ஏரித் தண்ணீர் சன்ஷேடு உயரத்துக்கு எழும்பி வந்து, விழாமல், வழியாமல், செங்கல் வைத்துக் கட்டிய சுவர் மாதிரி ஐப்பசியிலிருந்து புரட்டாசி வரை நின்றது என்றால் நம்ப முடியாது என்கிறவர்கள் நம்ப வேண்டாம், அவர்கள் போய்த் தங்கள் வேலையைப் பார்க்கட்டும். பூங்காவன நகர் மூன்றாவது தெருக்காரர்களும் முதலில் நம்பவில்லைதான். ஆனால் மறுநாள் பால் வாங்குவதற்கு அந்தச் சுவரை விட்டுத் தெருவின் இன்னொரு கோடி வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது, அதற்கும் மறுநாள் யாரோ அதன் மேல் 'வீடு வாடகைக்கு' நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், அப்புறம் நம்பாமல் எங்கே போவது? அந்த நகரே ஏரியின் வயிற்றில் மண்ணடித்துக் கல் நட்டு விற்ற இடம். பூங்காவும் கிடையாது, வனமும் கிடையாது, தண்ணீருக்கு மட்டும் தன் பழைய வழி மறக்கவில்லை.

அந்தத் தெருவில் வாடகைக்குக் குடியிருந்தவள் தில்லைநாயகி. முன்னறையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகையும் காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்டும் டைப் அடித்துக் கொடுப்பாள். வெள்ளையாக வந்த பெட்டி பழுத்து மஞ்சளாகிவிட்டது, மானிட்டரோ பின்பக்கம் துருத்திக்கொண்டு மேஜையில் பாதியை அடைத்திருந்தது. அவள் புருஷன் அறவாழிக்கு வீடு வீடாகப் போய் இந்த மாதிரிக் கிழட்டுக் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. புதுசு வாங்க வக்கில்லாதவர்களும் பழசைத் தூக்கிப் போட மனசில்லாதவர்களும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் வெளியே போயிருக்கும்போது போன் வந்தால் தில்லைநாயகியே வைத்தியம் சொல்லிவிடுவாள், கேட்டுக் கேட்டு அவளுக்கே மனப்பாடம்: பீப் பீப் என்று கத்துகிறதா, முதலில் ஆஃப் பண்ணுங்க, ரேமைக் கழற்றி அதன் பித்தளைப் பல்லை அழிரப்பரால் தேய்த்துப் போடுங்க, தேதி தினமும் பழைய வருஷத்துக்கே ஓடுகிறதா, முதலில் ஆஃப் பண்ணுங்க, உள்ளே காசு மாதிரி ஒரு செல் இருக்கும், அதை மாத்துங்க, திரை மஞ்சளடிக்கிறதா, ஆஃப் பண்ணிவிட்டுப் பின்னால் இருக்கிற ஒயரை அழுத்திச் செருகுங்க, பெட்டிக்குள் எலி குட்டி போட்டிருக்கிறதா, ஐயையோ, முதலில் ஆஃப் பண்ணுங்க. எந்த வியாதிக்கும் அறவாழியின் முதல் மருந்து ஆஃப் பண்ணுவதுதான். மழைக்காலத்தில் மட்டும் யாராவது வீட்டுக்குள்ளே தண்ணி வருது என்றால் அவன் கம்ப்யூட்டர் பேச்சையே எடுக்க மாட்டான், அது கிடக்கட்டும் முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க என்று போனிலேயே தொண்டை கிழியக் கத்துவான். தண்ணீரையும் கரண்டையும் ஒரே வீட்டில் பார்த்தால் அவனுக்கு அப்படி ஒரு பயம்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து பேய்மழை. தில்லைநாயகி ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகளின் பெயரைப் பாதி அடித்துக்கொண்டிருந்தாள். அப்போது அம்புக்குறி மணல் கடிகாரமாக மாறியது, மாறினது மாறினதுதான். எந்தக் கீயும் எடுக்கவில்லை. மவுஸைத் தட்டினாள், திட்டினாள், கடைசியில் புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, ஹாங் ஆயிடுச்சு. ஒண்ணுமே அசைய மாட்டேங்குது."

"சேவ் பண்ணியா?"

"இல்ல."

"சரி, கைய எடு. எதையும் தொடாதே. நான் ஏரிக்கரைகிட்ட வந்துட்டேன். நான் வர்ற வரைக்கும் ஆஃப் பண்ணிடாதே, தில்லை."

"ஊருக்கெல்லாம் ஆஃப் பண்ணச் சொல்றது, பொண்டாட்டிக்கு மட்டும் வேற வைத்தியமா?"

"ஊரான் வேலை போனா ஊரான் அழுவான். உன் வேலை போனா உன் திட்டை நான்தானே வாங்கணும்?" என்று சிரித்துவிட்டு வைத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு பெரும் சத்தம் கேட்டது. கேட்டது, கேட்டது, பிறகு பொசுக்கென்று நின்றது. மழையும் விட்டிருந்தது. தில்லைநாயகி வெளியே ஓடி வந்து பார்த்தபோது தெரு முழுக்கக் கத்திக்கொண்டு மாடிக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஏரி உடைத்துக்கொண்டு வந்த தண்ணீர், இந்த வீட்டுச் சுவருக்கும் அந்த வீட்டுச் சுவருக்கும் இடையில், கரும்பச்சை நிறத்தில், நுரை நுரையாகவே, அலை அலையாகவே, அப்படியே நின்றது. அதற்குள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நின்றது, வேரோடு ஒரு முருங்கை மரம் நின்றது, ஜிலேபிக் கெண்டை மீன்கள் நின்றன, அவற்றுக்கு நடுவில், சாய்ந்த மொபெட் காலுக்கடியில் நழுவிக்கொண்டிருக்க, மழைக்கோட்டும் மார்பில் தொங்கும் பையுமாக, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி, வாயைத் திறந்து, அறவாழி நின்றான். அவள் ஓடிப்போய் இரண்டு கையாலும் அந்தச் சுவரை அறைந்தாள். கண்ணாடியை அறைந்த மாதிரி கைதான் வலித்தது, ஒரு சொட்டு ஈரம்கூட ஒட்டவில்லை.

கடப்பாரை போட்டுப் பார்த்தார்கள், துளை போடும் மெஷின் வைத்துப் பார்த்தார்கள், கீறல் விழவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், ஓடாத தண்ணீர் வெள்ளத்தில் சேராது, வீட்டுக்குள் வராத தண்ணீருக்கு நிவாரணம் கிடையாது என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்கள். அது கம்ப்யூட்டரின் வேலை என்பது எப்படித் தெரிந்தது என்றால், அன்று சாயங்காலமே லைட் ஒரு தரம் மங்கி எரிந்தது, கம்ப்யூட்டருக்குக் கரண்டைச் சேமித்துத் தருகிற யுபிஎஸ் கீக் என்றது, அதே நொடியில் தெருமுனையில் சுவர் கர்ர் என்று ஒரு ஜாண் முன்னால் வந்து மறுபடி நின்றது. மறுநாளும் அப்படியே, கீக் என்றது, ஒரு ஜாண் வந்தது. தெருவே திரும்பி தில்லைநாயகியின் முன்னறையைப் பார்த்தது. உள்ளே திரையில் மணல் கடிகாரம் அசையாமல் இருந்தது. இந்தக் கடிகாரம் நிற்கிறவரைக்கும் அந்தத் தண்ணீர் நிற்கும் என்பதை யாரும் யாருக்கும் விளக்கவே இல்லை, குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்பது தெரிந்த மாதிரி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அன்றோடு அவள் வீடு அவள் வீடாக இல்லை. நகர் நலச் சங்கத்தின் செயலாளர் வேதபுரி, டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் ஒழுங்காகச் செய்யாவிட்டால் தூக்கம் வராத மனுஷன், ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். இன்வெர்ட்டர் வந்தது, அதற்கு மேல் ஜெனரேட்டர் வந்தது, கரண்ட் போகிற நேரத்தை முன்கூட்டியே சொல்ல லைன்மேனை வேட்டி சட்டை கொடுத்துக் கைக்குள் போட்டுக்கொண்டார்கள், பெட்டியின் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராக முறை வைத்து உட்கார்ந்தார்கள். அவள் தன் வாசலைச் சாத்தித் தாழ்ப்பாள் போடக் கூடாது என்று சங்கத்தில் முடிவானது. சமைக்கும்போதும் யாராவது முன்னறையில் இருந்தார்கள், தலை துவட்டும்போதும் இருந்தார்கள், அழும்போதும் இருந்தார்கள்.

பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் என்று யார் யாரையோ கூட்டி வந்தார்கள். வந்தவன் ஒவ்வொருவனும் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பான், பெட்டியைச் சுற்றி வருவான், "முதல்ல ஆஃப் பண்ணணும்மா" என்பான். அவ்வளவுதான், முறைக்கு உட்கார்ந்திருக்கிறவர்கள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் விட்டு, செருப்பையும் கூடவே எறிந்துவிட்டு வருவார்கள்.

மனுஷ ஜென்மம் எதற்குத்தான் பழகாது! தை பிறப்பதற்குள் பிள்ளைகள் அந்தச் சுவரில் பந்தடித்து விளையாடினார்கள். சித்திரை வெயிலில் அது ஜில்லென்று இருக்கவே மோர்ப் பானைகளை அதன்மேல் சாய்த்து வைத்தார்கள், கர்ப்பிணிகள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள், வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்காகச் சுண்டல் வண்டியும் பலூன் வண்டியும் வந்து நின்றன. உள்ளே இருக்கிற மீன்களுக்குப் பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். அறவாழி திறந்த வாயால் என்ன சொல்ல வருகிறான் என்பதில் தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்தது, ஆபத்து ஆபத்து என்கிறான் என்று ஒரு கட்சி, ஆத்தாளைக் கூப்பிடுகிறான் என்று ஒரு கட்சி, பந்தயம்கூடக் கட்டினார்கள். கேட்டுக்கொண்டே போவாள் தில்லைநாயகி. அவளுக்கு அவன் என்ன சொல்கிறான் என்பதில் சந்தேகமே கிடையாது. நான் வர்ற வரைக்கும் ஆஃப் பண்ணாதே, அதைத்தான் சொல்கிறான், வேறென்ன சொல்லப் போகிறான்?

தினம் காலையில் குளித்துவிட்டுப் போய் அவன் எதிரே நிற்பாள். அவன் தூக்கிய கை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி, தன் தலைக்கு மேல் தன் கையைத் தூக்கி எம்பினால் அவன் உள்ளங்கை வரும். சுவர் ஒவ்வொரு ஜாண் நகரும்போதும் அவனும் கூட நகர்ந்து ஒரு இமையளவு அசைவான், அதைப் பார்த்துத்தான் அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துகொண்டாள். அந்த ஒரு இமையசைவுக்காக வோல்டேஜ் இறங்காதா என்று ஏங்கினாள், இறங்கினால் ஐயோ என்று பதறினாள். ஒரு பொம்பளையை இப்படியா போட்டு வதைப்பது? கடவுளே என்று ஒருவன் இருந்தால் அவனுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும்.

ஆடி மாசத்தில் அவள் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டலாம், எல்லோரும் மாடிக்குப் போய்விடலாம், ஆஃப் பண்ணிவிடலாம், தண்ணீர் வந்து பரந்து வடிந்துவிடும், அவர் கயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

வேதபுரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, உன் கஷ்டம் தெரியாதவனா நான்? ஆனா வந்து நிக்கறது ஏரி. அடிச்சுக்கிட்டுப் போனா கீழ்த்தளம் ஒண்ணு மிஞ்சாது. முப்பது வருஷம் உழைச்சு இந்த ஒரு வீட்டைக் கட்டியிருக்கேன். உன் வீட்டுக்காரருக்கும் இப்ப ஒரு குறையும் இல்லையே? பசி இல்ல, தாகம் இல்ல."

"மூச்சும் இல்ல, சார்" என்றாள் தில்லைநாயகி.

கையைத் தூக்கச் சொன்னார்கள், வேண்டாம் என்பதற்குத்தான் கைகள் உயர்ந்தன. அவள் பக்கம் தூக்கிய கை ஒன்றே ஒன்று, பூ விற்கிற பச்சையம்மாவுடையது, அவளுக்கும் அந்தத் தெருவில் சொந்த வீடு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கிடையில் பெட்டிக்கு மூப்பு தட்டிக்கொண்டே வந்தது. ஒரு நிமிஷம்கூட ஓய்வில்லாமல் ஓடுகிற இரும்புக்கும் இளைப்பு வரும்தானே? உள்ளே சின்ன மின்விசிறி ஒன்று, பெட்டியின் மூளை சூடாகாமல் காற்றடித்துக்கொண்டே இருப்பது, ஆவணியில் கரகரக்கத் தொடங்கியது. தில்லைநாயகி பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு மேஜை ஃபேனை அதன் நேரே திருப்பிவிட்டாள், பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினாள், ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டாள். ஓடுகிற விசிறியில் எண்ணெய் விடுவது எப்படி என்று எந்தப் போனிலும் அவள் யாருக்கும் சொன்னதில்லை, அவளே கற்றுக்கொண்டாள். அந்தக் கரகரப்பு இருந்தால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கியது.

ஆயுத பூஜை வந்தது. இங்கேதான் வில்லங்கம். ஆயுத பூஜை என்றால் ஆயுதத்துக்கு ஓய்வு, அரிவாள்மணையிலிருந்து ஆட்டோ வரை கழுவிப் பொட்டு வைத்துச் சும்மா வைப்பார்கள், அன்று ஒரு பேனாவைக்கூட எடுக்க மாட்டார்கள். ஆனால் தெருவையே காப்பாற்றுகிற ஆயுதத்துக்கு எப்படி ஓய்வு கொடுப்பது? ஓய்வு வேண்டாம், பூஜை மட்டும் பெரிசாகப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். வாசலில் பந்தல் போட்டார்கள், வாழைமரம் கட்டினார்கள். "பொட்டு மட்டும் வைங்க, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு தில்லைநாயகி வழக்கம் போல விளக்கை எடுத்துக்கொண்டு சுவரடிக்குப் போனாள்.

பாசமும் பக்தியும் சேர்ந்துவிட்டால் நம் ஜனங்களுக்கு அளவு தெரியுமா? குடல் தெரிகிற மாதிரி சாமியைத் திறந்து போடக் கூடாது என்று பக்கத் தகட்டை எடுத்து மூடினார்கள். கற்பூரம் அணைகிறதே என்று மேஜை ஃபேனை நிறுத்தினார்கள். காற்றுப் போகிற துவாரம் ஒன்று விடாமல் சந்தனத்தைக் குழைத்துப் பூசினார்கள், பட்டுத் துண்டு சாத்தினார்கள், சாம்பிராணி போட்டார்கள். பச்சையம்மா அந்த வருஷத்துச் சாமந்தியிலேயே பெரிதாகப் பார்த்துக் கட்டிய ஆள் உயர மாலையைக் கண்ணில் நீர் வழியப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் போட்டாள். அதற்கு மேல் பொரியும் பொரிகடலையும் படி படியாக அள்ளிக் கொட்டினார்கள், அது மேல்துவாரம் வழியாகச் சரசரவென்று உள்ளே இறங்கியதை ஏதோ பிரசாதம் ஏற்றுக்கொண்ட மாதிரி எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

சுவர் முன்னால் நின்றிருந்த தில்லைநாயகியின் முகத்துக்கு நேரே சுவர் கர்ர் என்றது. ஒரு ஜாண் அல்ல, முழுசாக ஓர் அடி வந்து, அவள் கையிலிருந்த விளக்கைத் தட்டிவிட்டது. லைட் மங்கவில்லை. யுபிஎஸ் கத்தவில்லை. அவள் திரும்பி ஓடினாள்.

முன்னறைக்குள் புகை கண்ணைக் கரித்தது. கரகரப்பு இல்லை. "எல்லாத்தையும் எடுங்க! எடுங்கடி, பாவிங்களா!" என்று மாலையைப் பிய்த்து எறிந்தாள், துண்டை உருவினாள், தகட்டைக் கழற்றினாள். விசிறியின் இறக்கைகளுக்கு நடுவில் பொரி இறுகிக் கிடந்தது, அதன்மேல் சந்தனம் ஒழுகி அப்பியிருந்தது. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தாள். விரலால் சுற்றிவிட்டாள், அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி சுற்றிவிட்டாள், நின்றது. அதற்கடியில் இருக்கிற இரும்பில் விரலை வைத்தவள் சுரீரென்று எடுத்துக்கொண்டாள். திரையில் பாதி மணமகளின் பெயர் ஒரு தரம் நடுங்கியது, தெருமுனையில் பெரிதாக ஒரு முனகல் கேட்டது.

பச்சையம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "என் கையாலயே கெடுத்துட்டேனே, தில்லை! என் கையாலயே!"

"அழாதீங்கக்கா. நேரமில்ல."

அவளே ஆச்சரியப்படுகிற மாதிரி அவள் குரல் நிதானமாக இருந்தது. பனையோலை விசிறி ஒன்றை எடுத்துப் பெட்டிக்குள் வீசத் தொடங்கினாள், வீசிக்கொண்டே சொன்னாள். "இது போகப் போகுது. நான் ஆஃப் பண்ணப் போறேன்."

"அம்மா, அவசரப்படாதே" என்று வேதபுரி குறுக்கே வந்தார். அவர் கை இரண்டும் சந்தனம். "வேற விசிறி வாங்கி மாட்டலாம், ஆளனுப்பறேன். ஒரு வழி இருக்கும்..."

"விசிறி மாத்தணும்னா முதல்ல ஆஃப் பண்ணணும், சார். அதுவா அணைஞ்சா யாருக்கும் சொல்லாம அணையும், பிள்ளைங்க தெருவுல நிக்கும்போது அணையும். நான் அணைச்சா உங்களுக்கெல்லாம் சொல்லிட்டு அணைப்பேன்."

வெளியே சுவர் இன்னும் ஓர் அடி வந்தது, பந்தடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின. வேதபுரி திரும்பி, ஆபீஸில்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டார், அப்படிக் கத்தினார். "எல்லாரும் மாடிக்கு! கிழவங்க, குழந்தைங்க, எல்லாரும்! கயிறு இருக்கறவன் கயிறு கொண்டு வா!"

அப்புறம் அந்தத் தெரு ஓடிய ஓட்டம் இருக்கிறதே! கொடிக்கயிறு வந்தது, கிணற்றுக் கயிறு வந்தது, மாட்டுக் கயிறு வந்தது, பூஜைப் பந்தலை அவிழ்த்து அதன் கயிறெல்லாம் வந்தது. பச்சையம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரெதிர் வீட்டு மாடிக் கிரில்களுக்கு இடையில் அதையெல்லாம் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள். வாழ்நாள் பூராவும் பூத்தொடுத்த விரல், முடிச்சுப் போடுவதை யாரும் பார்க்க முடியவில்லை, முடிச்சு விழுந்ததைத்தான் பார்த்தார்கள். ஆடியில் வேண்டாம் என்று கை தூக்கினவர்கள் எல்லாம் அவளுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்தார்கள்.

தில்லைநாயகி வீசிக்கொண்டே இருந்தாள். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கையில்லை. ஒரு வீச்சு தாமதித்தால் திரை நடுங்கும், திரை நடுங்கினால் வெளியே ஒரு கூக்குரல் எழும். திடீரென்று விசிறியை ஒரு கை பிடித்து வாங்கியது. வேதபுரி.

"நான் வீசறேன், நீ போம்மா. கயிறு எந்த உயரத்துல இருக்கணும்னு உனக்குத்தான் தெரியும். அவர் கை உயரம் எங்களுக்கு யாருக்கும் தெரியாது."

அவள் ஓடினாள். சுவர் இப்போது பச்சையம்மா கட்டிய வலைக்கு மிக அருகில் வந்திருந்தது. தூக்கிய கையும் திறந்த வாயுமாக அறவாழி அதன் முகப்பில் நின்றான். அவள் தன் கையைத் தூக்கி எம்பினாள், எம்பி எட்டிய இடத்தைக் காட்டினாள், அந்த இடத்தில் எல்லாவற்றையும்விடத் தடிமனான கிணற்றுக் கயிற்றைப் பச்சையம்மா இழுத்துக் கட்டினாள். கட்டி முடித்ததும் இன்னொரு கயிற்றின் ஒரு முனையை மாடிக்கு எறிந்துவிட்டு மறுமுனையை தில்லைநாயகியின் இடுப்பில் சுற்றி இறுக்கினாள்.

"இதெதுக்குக்கா?"

"அவனை இழுக்க இத்தனை பேரு. கீழ நின்னு பொத்தானை அழுத்தற உன்ன யாரு இழுப்பா? போடி. மேல ஏறினதும் தாம்பாளத்தைத் தட்டறோம், அப்புறமா அழுத்து."

முன்னறையில் அவளும் வேதபுரியும் மட்டும். தெரு காலியாகிக் காலடிச் சத்தமெல்லாம் மேலே போய்விட்டது. "போங்க, சார்" என்றாள். அவர் விசிறியை அவளிடம் கொடுத்தார். தன் வீட்டு முன்வாசலைக் கடந்து போகும்போது கதவை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, வேகமாகப் படியேறினார்.

அவள் இடது கையால் வீசினாள், வலது கட்டை விரலைப் பொத்தான்மேல் வைத்தாள். தட்டினால் கேட்காது, பழசு, அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் வர்ற வரைக்கும் ஆஃப் பண்ணிடாதே. இத்தனை காலம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காப்பாற்றிய சொல், அதைத் தன் விரலாலேயே உடைக்க வேண்டும். அவன் கயிற்றைப் பிடிக்காமல் போனால்? பார்க்காமல் போனால்? தண்ணீர் அவனை அந்த முருங்கை மரத்தோடு சேர்த்து அடித்துக்கொண்டு போய்விட்டால், இந்த விரலை வைத்துக்கொண்டு மிச்ச நாளை எப்படி ஓட்டுவது? பயமாக இருந்தது அவளுக்கு.

மாடியில் தாம்பாளம் அதிர்ந்தது.

அவள் அழுத்தினாள். பிடித்துக்கொண்டாள். மணல் கடிகாரம் அப்படியே இருந்தது, இருந்தது, பாதி மணமகளோடு சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகி அணைந்தது. இத்தனை காலமாக அந்த வீட்டில் இருந்துகொண்டே இருந்த இரைச்சல் நின்றது. நின்ற அந்த நொடியில், தண்ணீர் வருவதற்கு முன்னால், தண்ணீரைவிட வேகமாகத் தெருவுக்குள் ஒரு குரல் வந்தது.

"ஆஃப் பண்ணு, தில்லை! மெயினை ஆஃப் பண்ணு!"

அவள் திகைத்து நின்றுவிட்டாள். எல்லோர் கண்ணுக்கும் எதிரே வாயைத் திறந்துகொண்டு, சித்திரையிலும் ஆடியிலும், மோர்ப்பானை சாய்த்தவர்கள் முதுகுக்குப் பின்னால், பாவி மனுஷன் அதையா சொல்லிக்கொண்டிருந்தான்? அப்புறம் உடம்பு தானாக ஓடியது. சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள், கம்பி ஜன்னல் உடைந்து ஏரி உள்ளே வந்தது, மேஜை புரண்டது, மஞ்சள் பெட்டி அவள் காலைத் தட்டிக்கொண்டு மிதந்து போனது. கழுத்துவரை தண்ணீரும் வாய் நிறையச் சேறுமாக அவள் தத்தளித்தபோது இடுப்பில் கயிறு சுண்டி இழுத்தது, வாசலில் இடித்து, படியில் இடித்து, தேங்காய் மூட்டையை ஏற்றுகிற மாதிரி அவளை மேலே ஏற்றிப் போட்டார்கள்.

அவள் எழுந்து கைப்பிடிச் சுவருக்கு ஓடினாள். கீழே தெரு இல்லை, ஆறுதான். நாற்காலி போனது, பந்தல் மூங்கில் போனது, வேதபுரி வீட்டு முன்கதவு பெயர்ந்து போனது, அவர் அதைப் பார்க்காமல் வேறெதையோ பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். கிணற்றுக் கயிற்றில், அவள் எம்பிக் காட்டிய அதே உயரத்தில், ஒரு கை. ஒரே ஒரு கை, மணிக்கட்டு வரை, பிடித்த பிடி விடாமல். பிறகு மழைக்கோட்டு, பிறகு ஒரு தலை, இருமிக்கொண்டு.

எத்தனை பேர் இழுத்தார்கள் என்று சொல்ல முடியாது, கை வைக்க இடம் கிடைக்காதவர்கள் இழுக்கிறவர்களின் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். அவனை மொட்டைமாடியில் குப்புறப் போட்டு முதுகைத் தட்டினாள் பச்சையம்மா. ஏரி கொஞ்சம் வெளியே வந்தது, ஒரு கெண்டை பைக்குள்ளிருந்து துள்ளி விழுந்தது. மழைக்கோட்டில் ஐப்பசி மழை இன்னும் காயவில்லை. அவன் முகத்தைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தான், எதுவும் புரியாமல் விழித்தான், நடுவில் அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"தில்லை," என்றான் மூச்சு வாங்க, "ஆஃப் பண்ணிட்டியா?"

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சேறு அப்பிய அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்:

"நீங்க வர்ற வரைக்கும் பண்ணலங்க."